நிறமற்ற படலங்கள் நிறம் பிரிக்கும் விதம்

மூக்குக் கண்ணாடியையோ ஒளிப்படக் கருவியின் வில்லையையோ விளக்கின் எதிரே சற்றுச் சாய்த்துப் பார்த்தால், அதன் மேற்பரப்பில் இளம்பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு சாயல் தோன்றி மறைவதைக் காணலாம். அக்கண்ணாடிக்குச் சாயம் எதுவும் ஏற்றப்படவில்லை. அதன்மீது படிந்திருக்கும் மெல்லிய படலத்தின் மூலப்பொருளைத் தனியே எடுத்துப் பார்த்தாலும் அது நிறமற்ற படிகமாகவே இருக்கும். ஆயினும் நிறம் தெரிகிறது. நிறமற்ற பொருள்களை அடுக்கி நிறத்தை உண்டாக்குவதும், வேண்டிய நிற ஒளியைச் செல்லவிட்டு வேண்டாததைத் திருப்பியனுப்புவதுமே மென்படல ஒளியியலின் பணியாகும். ஓர் ஒளிவடிகட்டி எவ்வாறு வடிவமைக்கப்படுகிறது, அவ்வடிவமைப்பின் இடர்ப்பாடு எங்கே இருக்கிறது என்பதைக் காசநோய்க் கிருமியைத் தேடும் நுண்ணோக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

நிறம் பிறக்கும் வழிகள் பல; அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது எளிது. வானவில்லும் சோப்புக் குமிழியும் ஏறத்தாழ ஒரே வகை வண்ணங்களைக் காட்டுவனபோல் தோன்றினும் அவற்றின் காரணங்கள் வேறு. வானவில்லின் காரணத்தை, இப்னுல் ஹைஸமின் 'கிதாபுல் மனாழிர்' நூலுக்கு விரிவுரை கண்ட கமாலுத்தீன் அல்ஃபாரிஸி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கினார். நீர் நிறைந்த கண்ணாடி உருண்டையை மழைத்துளிக்கு ஈடாக வைத்து, துளிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒளி விலகுவதையும், இடையில் ஒருமுறை உட்புறத்தில் எதிரொளிக்கப்படுவதையும் அவர் சோதித்துக் காட்டினார். ஒளியியலின் எல்லாக் கிளைகளையும் அவ்வறிஞர்களின் பெயரிலேயே எழுதிவைத்துவிடும் ஆர்வம் நம்மிடையே உண்டு. அவர்களது பெருமைக்கு அது தேவையுமில்லை. குமிழியின் நிறத்திற்கு விளக்கம் கிடைக்க மேலும் ஐந்து நூற்றாண்டுகள் ஆயின.

1665இல் இராபர்ட் ஹூக் அபிரகத் தகடுகளிலும் குமிழிகளிலும் தோன்றும் வண்ணங்களை விவரித்தார். குவிந்த வில்லையைத் தட்டைக் கண்ணாடிமீது வைத்தால் இடையிலுள்ள காற்றுப்படலத்தில் வண்ண வளையங்கள் தோன்றுவதை நியூட்டன் அளந்தெழுதினார். அவ்வளவைகள் 1704இல் வெளிவந்த அவரது 'ஒளியியல்' நூலில் உள்ளன. எனினும் ஒளியைத் துகள்களாகக் கருதிய அவருக்கு அவ்வளையங்கள் இடர்தரும் புதிராகவே நின்றன. 1801இல் தாமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர் ஒளியை அலையாகக் கொண்டு, நியூட்டனின் அளவைகளிலிருந்தே ஒவ்வொரு நிறத்தின் அலைநீளத்தையும் கணக்கிட்டுக் காட்டினார்.

அவ்விளக்கத்தின் சாரம் இதுதான். மெல்லிய படலத்தின் மேற்பரப்பில் ஒளியின் ஒரு பகுதி எதிரொளிக்கிறது. உள்ளே சென்ற பகுதியில் சிறிதளவு அடிப்பரப்பிலிருந்து எதிரொளித்து வருகிறது. இவ்விரு அலைகளும் மீண்டும் சந்திக்கும்போது முகட்டோடு முகடு இணைந்தால் எதிரொளிப்பு வலுப்பெறும். ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் இணைந்தால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எது நிகழும் என்பதை அலைநீளமும் படலத்தின் தடிப்பும் ஒளிவிலகல் எண்ணும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே, தடிப்பைத் தேர்ந்தெடுப்பவர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது மேலும் தெளிவாகும். ஒளிவிலகல் எண் 1.5 உடைய கண்ணாடி, நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் 4 விழுக்காட்டை எதிரொளிக்கும். ஐந்து வில்லைகள் கொண்ட கருவியில் பத்துப் பரப்புகள் உள்ளன. அவற்றைக் கடந்து நேராகச் செல்வது ஏறத்தாழ 66 விழுக்காடு மட்டுமே. எதிரொளித்த ஒளியும் சும்மா இருப்பதில்லை. வில்லைகளுக்கிடையே அலைந்து பிம்பத்தை மங்கச்செய்கிறது. இப்போது கண்ணாடியின்மீது 1.38 ஒளிவிலகல் எண் உடைய மெக்னீசியம் ஃப்ளோரைடை 100 நானோமீட்டர் தடிப்பில் படியவைப்போம். பச்சை ஒளியின் அலைநீளமான 550 நானோமீட்டருக்கு, அப்பொருளுக்குள் அது கால் அலைநீளம் ஆகும். போக ஒரு கால், வர ஒரு கால் என அடிப்பரப்பிலிருந்து வரும் அலை அரை அலைநீளம் பின்தங்கி, மேற்பரப்பு அலையை எதிர்கொள்கிறது. எதிரொளிப்பு 4 விழுக்காட்டிலிருந்து 1.4 விழுக்காடாகக் குறைகிறது. நீலத்திலும் சிவப்பிலும் இக்கால்கணக்கு சற்றுப் பிசகுவதால் அவை ஓரளவு கூடுதலாக எதிரொளிக்கின்றன. நாம் கண்ட ஊதாச் சாயல் அதுவே. முற்றிலும் அழிய வேண்டுமாயின் படலத்தின் எண் 1.22 அளவில் இருத்தல் வேண்டும். அவ்வளவு குறைந்த எண்ணும் தேயாத உறுதியும் ஒருங்கே உடைய திண்மப்பொருள் கிடைப்பதில்லை என்பதே வடிவமைப்பாளர் சந்திக்கும் முதல் தடை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஒளி ஒளியை அழித்தால் அதன் ஆற்றல் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. எதிரொளிப்பில் குறைந்த அளவு ஊடுருவலில் கூடுகிறது. வண்ணக் கண்ணாடி, வேண்டாத ஒளியை விழுங்கிச் சூடாகிறது. மென்படலமோ எதையும் விழுங்காமல், இரு வழிகளில் எவ்வழியே செல்வது என்பதை மட்டும் மாற்றியமைக்கிறது.

இவ்வுண்மை முதலில் தற்செயலாகவே வெளிப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டென்னிஸ் டெய்லர் என்னும் ஆங்கில வில்லை வல்லுநர், நாள்பட்டு மேற்பரப்பு மங்கிய வில்லைகள் புதியவற்றைவிடக் கூடுதல் ஒளியைச் செலுத்துவதைக் கவனித்தார். வேதிப்பொருளால் அம்மங்கலைச் செயற்கையாக உண்டாக்க அவர் கண்ட முறைக்கு 1904இல் காப்புரிமை கிடைத்தது; ஆனால் அது சீரான விளைவைத் தரவில்லை. வெற்றிட அறையில் பொருளை ஆவியாக்கிக் கண்ணாடிமீது படியவைக்கும் முறையை 1935இல் ஜெர்மனியில் அலெக்சாண்டர் ஸ்மக்குலாவும், 1936இல் அமெரிக்காவில் ஜான் ஸ்ட்ராங்கும் தனித்தனியே கண்டனர். 1938இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கேத்தரின் பிளாட்ஜெட், ஒரு மூலக்கூறு தடிப்பே உள்ள அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக 44 முறை ஏற்றி, எதிரொளிப்பு ஏறத்தாழ இல்லாத கண்ணாடியை ஆக்கிக் காட்டினார். கையால் துடைத்தால் அழிந்துவிடும் படலம்தான் அது; ஆயினும் கோட்பாட்டை ஐயமற நிறுவியது.

ஒரு படலம் எதிரொளிப்பைக் குறைக்கும். பல படலங்களை அடுக்கினால் நேர்மாறான விளைவையும் பெறலாம். ஒளிவிலகல் எண் 2.35 அளவுள்ள டைட்டானியம் டையாக்சைடையும் 1.46 உள்ள சிலிக்காவையும் கால் அலைநீளத் தடிப்பில் மாறிமாறி அடுக்கினால், ஒவ்வோர் எல்லையிலிருந்தும் வரும் சிற்றலைகள் எல்லாம் முகட்டோடு முகடாக இணைகின்றன. 15 படலங்களிலேயே 99.8 விழுக்காட்டிற்கு மேல் எதிரொளிக்கும் ஆடி கிடைத்துவிடுகிறது. உலோகம் இதில் ஒரு துளியும் இல்லை. 550 நானோமீட்டரை நடுவாக வைத்தால் இவ்வாடி ஏறத்தாழ 480 முதல் 645 வரையுள்ள ஒளியைத் திருப்பியனுப்பும். படலங்களைக் கூட்டினால் தடுப்பின் உறுதி கூடுமேயன்றி அதன் அகலம் கூடுவதில்லை. அகலத்தை வரையறுப்பது இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கிடையேயுள்ள விகிதம். இத்தகைய இரண்டு ஆடிகளை அரை அலைநீள இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தினால், தனித்தனியே ஒளியை மறித்தவை இணைந்து ஒரு குறுகிய நிறப்பட்டையை மட்டும் தடையின்றிச் செல்லவிடும். ஜெர்மானியரான வால்டர் கெஃப்கன் 1939இல் உலோகப் படலங்களுக்கிடையே இவ்வமைப்பைச் செய்தார். குறுக்கீட்டு வடிகட்டிகளின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது எனலாம்.

இனி நுண்ணோக்கிக்கு வருவோம். காசநோய் ஐயமுள்ளவரின் சளியை அவ்ரமின் என்னும் சாயத்தில் தோய்த்து நீல ஒளியைப் பாய்ச்சினால், கிருமிகள் பசுமஞ்சளாக ஒளிர்கின்றன. சிவப்புச் சாயமேற்றி ஆயிரம் மடங்கு உருப்பெருக்கத்தில் தேடும் பழைய முறையைவிட இதில் குறைந்த உருப்பெருக்கமே போதுமாகையால், ஒரே பார்வையில் அகன்ற பரப்பைக் காணலாம். விலைமிகுந்த பாதரச விளக்கிற்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியை உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கொள்கையறிக்கையில் பரிந்துரைத்தது. இன்று முதற்பரிசோதனையாக மூலக்கூற்று முறைகளே பரிந்துரைக்கப்படுகின்றன என்பது உண்மை. எனினும் மருந்து உட்கொள்வோரின் முன்னேற்றத்தை அறிய நுண்ணோக்கி இன்றும் பயன்படுகிறது. மூலக்கூற்றுக் கருவிகளும் தம்முள்ளே இத்தகைய ஒளிர்வைத்தான் வடிகட்டி வழியே படிக்கின்றன.

சாயம் உமிழும் ஒளி மிகமிக மங்கலானது. பாய்ச்சிய நீல ஒளியில் அது இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பது வழக்கம். கண்ணுக்கு முன்னுள்ள வடிகட்டி நீலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் கசியவிட்டாலும் போதும். அந்தக் கசிவிலேயே கிருமி மூழ்கிவிடும். பார்ப்பவர் 'இல்லை' என்று எழுதிவிடுவார். நோயாளி தம் வீட்டாரிடம் திரும்பிச் செல்வார். ஆதலால் நீல ஒளியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் விடலாகாது என்பது இவ்வகை வடிகட்டிக்கு விதிக்கப்படும் வழக்கமான நிபந்தனை. அதோடு, 480 நானோமீட்டர் வரை அடைத்து 500 முதல் தாராளமாக விடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ளது வெறும் 20 நானோமீட்டர். வண்ணக் கண்ணாடியின் விளிம்பு பெரும்பாலும் சரிவானது. சில வகைக் கண்ணாடிகள் நீல ஒளிபட்டால் தாமே மெல்ல ஒளிர்ந்து கெடுக்கவும் செய்யும். நூற்றுக்கு மேற்பட்ட படலங்களைக் கொண்ட அடுக்கோ, செங்குத்துச் சுவர்போல் எழும் விளிம்பைத் தரவல்லது.

அச்சுவருக்கு ஒரு பலவீனம் உண்டு. வடிகட்டியைச் சாய்த்தால் அதன் விளிம்பு நீலத்தை நோக்கி நகர்கிறது. சாய்வாகச் செல்லும் ஒளி படலத்திற்குள் நீண்ட தொலைவு செல்வதால் விளிம்பு சிவப்பை நோக்கியல்லவா நகரவேண்டும் என்று தோன்றும். உள்ளே சென்ற அலை திரும்புவதற்குள் மேற்பரப்பில் எதிரொளித்த அலையும் பக்கவாட்டில் நகர்ந்து தன் பயணத்தைத் தொடர்ந்திருக்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் எஞ்சும் வேறுபாடு குறையவே செய்கிறது. அடுக்கின் சராசரி ஒளிவிலகல் எண் 1.8 எனின், 30 பாகை சாய்வில் 500இல் இருந்த விளிம்பு 480க்கு வந்துவிடும். நாம் வைத்திருந்த இடைவெளி முழுவதும் அதோடு போயிற்று. நுண்ணோக்கியில் கதிர்கள் ஏறத்தாழ இணையாகச் செல்லும் இடத்தைத் தேர்ந்து வடிகட்டியைப் பொருத்துவதன் காரணம் இதுவே. 45 பாகையில் நின்று நீலத்தைக் கிருமியின்பால் திருப்பி, கிருமியின் ஒளியைக் கண்ணுக்கு விடும் இருநிற ஆடியையோ, தொடக்கத்திலிருந்தே அக்கோணத்திற்கெனக் கணக்கிட்டாக வேண்டும்.

கணக்கு என்றோம். படலங்களின் பட்டியலைக் கொடுத்து அது என்ன செய்யும் எனக் கேட்டால் விடை காண்பது எளிது. ஒவ்வொரு படலத்தையும் இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்ட ஓர் அணியாக எழுதி வரிசையாகப் பெருக்கினால் முடிந்தது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃப்ளோரின் அபெலே வகுத்த முறை அது. வேண்டிய விளைவைக் கொடுத்து எந்தப் படலங்கள் எனக் கேட்பதுதான் கடினம். அவ்வினாவிற்கு ஒரே விடை என்பதில்லை. பல நேரங்களில் துல்லியமான விடையே இல்லை. நீண்ட காலம் அனுபவமுள்ளவர் கால் அலைநீள அடுக்கொன்றிலிருந்து தொடங்கி, தடிப்புகளைச் சிறிது சிறிதாக மாற்றி, விளைவு மேம்படுகிறதா எனப் பார்த்தே வடிவமைத்தனர். எந்தத் தொடக்கத்தைத் தேர்ந்தாரோ அதை ஒட்டியே விடை அமைந்தது. 1982இல் மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் டிக்கன்ராவோவ் வெளியிட்ட 'ஊசி முறை' இத்தளையை அவிழ்த்தது. இருக்கும் அடுக்கினுள் எந்த இடத்தில் மற்றப் பொருளின் ஊசிபோல் மெல்லிய படலத்தைச் செருகினால் பயன் கூடும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். செருகி, தடிப்புகளைத் திருத்தி, மீண்டும் இடம் தேடவேண்டும். அடுக்கு தானே வளர்கிறது.

கணினி இன்று சில நொடிகளில் அழகிய வளைகோட்டை வரைந்து தந்துவிடுகிறது. அவ்வழகில் மயங்காதிருப்பதே வடிவமைப்பாளரின் திறமை என்பது என் கருத்து. பச்சை ஒளிக்கான டைட்டானியப் படலமொன்றின் தடிப்பு 60 நானோமீட்டர் அளவுதான். அதில் ஒரு விழுக்காட்டுப் பிழை 0.6 நானோமீட்டர், அதாவது இரண்டு மூன்று அணுக்களின் அகலம். தாளில் முதலிடம் பெறும் வடிவம் இப்பிழையைத் தாங்காமல் சிதைந்துபோக, இரண்டாமிடத்தில் உள்ளது சற்றும் கலங்காமல் நிற்பதுண்டு. எனவே வேண்டுமென்றே பிழைகளைக் கலந்து நூற்றுக்கணக்கான முறை கணக்கிட்டுப் பார்த்து, தளராத வடிவத்தையே தேர்வர். கருமிக்குப் பணம்போல் நிபந்தனைகளைக் குவிப்பவருக்கு நல்ல வடிகட்டி அமையாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளி புகுந்தால் கண்ணால் பார்க்கும் நுண்ணோக்கிக்குக் கேடு பெரிதில்லை. ஒளிப்படக் கருவி பொருத்தினால் அதுவே கேடாகும். எங்கே குறை இருக்கலாம் என்பதை அறிந்து சொல்லவேண்டியவர் பயன்படுத்துபவரே.

படியவைக்கும்போது தடிப்பை அளக்கும் விதம் வியப்புக்குரியது. வெற்றிட அறைக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் கண்ணாடியின் வழியே ஒரு நிற ஒளியைச் செலுத்தி அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பர். படலம் தடிக்கத் தடிக்க அவ்வளவு ஏறும், அல்லது இறங்கும். கால் அலைநீளத்தை எட்டியதும் திசை மாறும். அத்திருப்பத்தில் ஆவியை மறித்துவிட வேண்டும். ஒரு படலத்தில் சற்றுத் தாமதித்து மறித்தாலும், அடுத்த படலத்தின் திருப்பம் அதற்கேற்ப இடம்மாறி வருவதால், அந்த நிறத்தைப் பொறுத்தவரை முன்பிழையைப் பின்படலம் பெருமளவு ஈடுசெய்துவிடுகிறது.

வெறுமனே ஆவியாகிப் படியும் படலங்கள் நுண்துளைகள் கொண்டவை. வெற்றிட அறையிலிருந்து வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அத்துளைகளில் புக, ஒளிவிலகல் எண் உயர்ந்து விளிம்பு சிவப்பை நோக்கி நகரும். பழைய வடிகட்டிகளில் பயன்பட்ட கிரயோலைட் போன்ற மென்பொருள்கள் ஈரத்தால் விளிம்பிலிருந்து உட்புறமாகக் கெட்டுக்கொண்டே வந்தன. விரைவான அயனிகளால் மோதிப் படலத்தை இறுக்கும் முறைகள் வந்தபின் இக்குறை பெரிதும் நீங்கியது. எனினும் பழைய கருவிகள் பல கூடங்களில் இன்னும் உழைக்கின்றன. அத்தகைய கூடத்தில் பணிபுரிவோர் வடிகட்டியைக் கழற்றி, இருட்டறையில் வலுவான விளக்கின் முன் பிடித்துப் பார்ப்பது நல்லது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிகட்டியில் 25 மைக்ரோமீட்டர் அகலத்தில், அதாவது தலைமயிரைவிடக் குறுகலாக, ஓர் ஊசித்துளை இருந்தால் அதன் பரப்பு முழுப்பரப்பில் சரியாகப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அனுமதிக்கப்பட்ட கசிவு முழுவதையும் அந்த ஒரு துளையே எடுத்துக்கொள்ளும்.