தலையோடு ஓடும் பின்னல்

வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பதுளைத் தோட்டத்துத் தாய்மார் மகள்களுக்குப் போட்டுவிடும் இரட்டைப் பின்னலும், ஆப்பிரிக்கப் பெண்களின் ‘கோர்ன்ரோ’வும் மூன்று பிரியில்தான் தொடங்குகின்றன. நம் பின்னல் தோளில் தொங்கும். கோர்ன்ரோவோ நெற்றியிலேயே பிடித்து, தலைத்தோலை விட்டு விலகாமல் பிடரிவரை ஓடும்.

பின்னுபவர் ஓரப் பிரியை நடுப் பிரியின் அடியால் கொண்டுவருவார். ஒவ்வொரு திருப்பத்திலும் தலையிலிருந்து இன்னும் கொஞ்சம் முடி எடுத்துச் சேர்ப்பார். அடியால் போவதால்தான் பின்னல் வயல் வரம்புபோல் மேலெழுந்து நிற்கிறது. நீளம் வேண்டுமென்றால் ஜப்பானின் கனெகா நிறுவனம் தயாரிக்கும் ‘கனெகலோன்’ போன்ற செயற்கை இழையைச் சேர்த்துப் பின்னி, நுனியைச் சுடுநீரில் தோய்ப்பார்கள், பிரியாது.

இது வெறும் அலங்காரமல்ல. இறுகச் சுருண்ட முடி, வளைந்த வேர்ப்பையிலிருந்து வருகிறது. அந்த முடியின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் அத்தனை சுருளையும் தாண்டி நுனிக்குப் போவது கடினம். அதனால் முடி காய்ந்து, சீவும்போதே ஒடியும். பின்னிவிட்டால் வாரக்கணக்கில் சீப்பே படவேண்டியதில்லை.

நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஒஜெய்கெரே 1968 முதல் தன் நாட்டுப் பெண்களின் தலையலங்காரங்களை ஏறத்தாழ 1,000 படங்களாக்கினார். சிற்பத்துக்குரிய மரியாதையோடு அவர் எடுத்த படங்கள் அவை.

அமெரிக்காவில் இந்தக் கைவேலையால் பிழைக்க முயன்ற கறுப்பினப் பெண்களுக்குச் சட்டமே குறுக்கே நின்றது. கலிபோர்னியாவில் உரிமம் பெற அன்று 1,600 மணிநேர அழகுக்கலைப் பயிற்சி வேண்டியிருந்தது. இயற்கை முடியைப் பின்னும் கலைக்கு அதில் இடமே இல்லாத நிலை. அதை எதிர்த்து ஜோஆன் கோர்ன்வெல் என்பவர் வழக்காடி 1999இல் வென்றார். டெக்சாஸில் உரிமமின்றிப் பின்னியதற்காக 1997இல் ஐசிஸ் பிரான்ட்லியைக் கைதுசெய்தார்கள். அவர் விடவில்லை, 2015இல் அந்த மாநிலம் பின்னலுக்கு உரிமம் தேவையில்லை என்றது. இயற்கை முடிக்காகவும் பின்னலுக்காகவும் வேலையிலும் பாடசாலையிலும் ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் 2019இல் கலிபோர்னியாவில் முதலில் வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். பதுளை மாவட்டத்தின் எல்லவுக்கு உலகெங்குமிருந்து பயணிகள் வருகிறார்கள். பின்னத் தெரிந்த கைகள் சுற்றியுள்ள தோட்டங்களில் நிறையவே உண்டு. கோர்ன்ரோவைத் தொழிலாக்க விரும்பும் பெண் முதலில் பழகவேண்டியது இழுவையின் அளவு: அளவு மீறி இறுக்கிப் பின்னிக்கொண்டே வந்தால் வேர் கெட்டு, முடி திரும்ப முளைக்காமலே போகலாம். இந்தப் பின்னல் யாருடைய மரபு என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். தலை முழுக்க மெல்லிய பின்னல் போடப் பல மணிநேரம் ஆகும். கூலியை அந்த மணிக்கணக்கில் கேட்கட்டும்.