கார் கதவின் பூட்டு

காரின் கதவு சரியாகப் பூட்ட வேண்டும். சரியாகத் திறக்கவும் வேண்டும். இரண்டில் எது கெட்டாலும் ஆபத்துதான்.

பூட்டாத கதவு, வண்டி ஓடும்போது திறந்துகொள்ளலாம். கதவோரம் உட்கார்ந்த குழந்தை சாலையில் விழலாம். திறக்காத கதவு இன்னொரு வகையில் ஆபத்து. வண்டி தீப்பிடித்தாலும் தண்ணீரில் இறங்கினாலும் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது.

நம் நாட்டில் காரை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி இல்லை. கதவின் பூட்டு பெரிய இயந்திரம் அல்ல. சில பழுதுகளை வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். சில பழுதுகளுக்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்தால் பணமும் மிஞ்சும், உயிரும் தப்பும்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு பள்ளம் தெரியும். பள்ளத்துக்குள் மரக்கிளைக் கவடு போல ஓர் இரும்புத் துண்டு இருக்கும். இதுதான் கொக்கி. கொக்கி இருக்கும் பெட்டியை மெக்கானிக்குகள் 'லாக்' என்பார்கள்.

இப்போது வண்டியின் உடலைப் பாருங்கள். கதவு வந்து உட்காரும் இடத்தில் தடித்த இரும்பு வளையமோ, ஒரு முளையோ இருக்கும். கதவை மூடும்போது கொக்கி சுழன்று இந்த வளையத்தைக் கவ்விக்கொள்ளும்.

கவ்வும்போது இரண்டு முறை 'டக்', 'டக்' என்று ஓசை கேட்கும். முதல் ஓசையில் கதவு பாதிதான் பூட்டியிருக்கிறது. இரண்டாவது ஓசையில்தான் முழுதாகப் பூட்டுகிறது. பாதி பூட்டிய கதவு மூடியது போலவே தெரியும். ஆனால் ஓடும்போது கடகடவென்று ஆடும். அப்படி ஆடினால் வண்டியை ஓரமாக நிறுத்தி, கதவை மறுபடி மூடுங்கள்.

கதவில் வெளியே ஒரு கைப்பிடி. உள்ளே ஒரு கைப்பிடி. சாவி போடும் துவாரம் ஒன்று. உள்ளேயிருந்து பூட்ட ஒரு குமிழ். இந்த நான்கிலிருந்தும் மெல்லிய கம்பிகள் பூட்டுப் பெட்டிக்குப் போகின்றன. சில வண்டிகளில் கம்பிக்குப் பதில் சைக்கிள் பிரேக் கேபிள் போன்ற கேபிள் இருக்கும். கம்பியின் முனையைச் சிறிய பிளாஸ்டிக் கிளிப் பிடித்துக்கொண்டிருக்கும். பல நேரம் உடைவது பூட்டு அல்ல, இந்தச் சிறிய கிளிப்தான்.

பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. பூட்டுக்கும் அப்படித்தான். பிரிப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள்.

வெளியேயிருந்து திறக்கிறது, உள்ளேயிருந்து திறக்கவில்லை. அது பின்கதவு என்றால் முதலில் குழந்தைப் பூட்டைப் பாருங்கள். பின்கதவின் ஓரத்தில், கொக்கிக்கு அருகில் ஒரு சிறிய நெம்பி இருக்கும். அது பூட்டிய பக்கம் இருந்தால் உள்கைப்பிடி வேலை செய்யாது. நெம்பியை நகர்த்தினால் போதும். செலவே இல்லை.

உள்ளேயிருந்து திறக்கிறது, வெளியேயிருந்து திறக்கவில்லை. அப்படியானால் வெளிக்கைப்பிடி உடைந்திருக்கலாம். அல்லது அதன் கம்பி கழன்றிருக்கலாம்.

கைப்பிடியை இழுத்தால் கனமே இல்லாமல் 'லொட லொட' என்று வருகிறது. கம்பி கழன்றதற்கு இதுவே அடையாளம்.

கைப்பிடி மிகவும் கனமாக இருக்கிறது. பூட்டில் தூசியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்திருக்கும்.

கதவை ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது. கதவைப் பாதி திறந்து, அடியில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கதவின் கீல் தேய்ந்திருக்கிறது. ஆடாவிட்டால் வளையம் இடம் மாறியிருக்கலாம்.

சாவி நுழைகிறது, திரும்பவில்லை. துவாரத்தில் தூசி இருக்கலாம். சாவி தேய்ந்திருக்கலாம். வீட்டில் மாற்றுச் சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

சாவியை அழுத்தினால் எல்லாக் கதவும் பூட்டும் வண்டிகளும் உண்டு. ஒரு கதவு மட்டும் பூட்டாவிட்டால், அந்தக் கதவுக்குள் இருக்கும் சிறிய மோட்டாரோ மின்கம்பியோ கெட்டிருக்கலாம். எந்தக் கதவும் பூட்டாவிட்டால் சாவியின் பேட்டரியையும் ஃபியூஸையும் பாருங்கள்.

முதலில் எளிய வேலை

பல பழுதுகள் அழுக்கினால் வருபவை. கொக்கியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுக்கொள்ளலாம். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. அழுக்குப் போனதும் துணியால் துடையுங்கள். பிறகு விரல் நுனியளவு கிரீஸ் தடவுங்கள். அதிகம் தடவினால் தூசி ஒட்டும்.

சாவித் துவாரத்தில் கிரீஸ் போடாதீர்கள். சமையல் எண்ணெயும் விடாதீர்கள். எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பென்சிலைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேயுங்கள். சாவியை நுழைத்துப் பல முறை எடுங்கள். பென்சிலின் கரிப்பொடி பூட்டை வழவழப்பாக்கும்.

கதவு மூடியபடியே சிக்கிக்கொண்டால் அடிக்க வேண்டாம், நெம்பவும் வேண்டாம். ஒருவர் வெளியே நின்று கதவை உள்பக்கம் அழுத்தட்டும். அதே நேரம் மற்றவர் கைப்பிடியை இழுக்கட்டும். கொக்கியின் மேல் உள்ள இறுக்கம் குறைந்து பல நேரம் திறந்துவிடும்.

கதவின் உள்ளே பார்ப்பது எப்படி?

எளிய வேலை பலிக்கவில்லை என்றால் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும். எல்லா வண்டியையும் இப்படிக் கழற்றக் கூடாது. கதவில் காற்றுப்பை இருக்கும் புதிய வண்டிகளைத் தொடாதீர்கள். கண்ணாடி மின்சாரத்தில் ஏறி இறங்கும் வண்டி என்றால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.

கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றும் பழைய வண்டிகளில் வேலை எளிது. மாருதி 800 அப்படிப்பட்ட வண்டி. அது 1983-ஆம் ஆண்டு வந்தது. 2014-ஆம் ஆண்டு அதன் தயாரிப்பு நின்றது. ஆனாலும் சாலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேவையான பொருள்கள்: நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர், தட்டை முனை ஸ்குரூ டிரைவர், பழைய துணி, கையுறை, ஸ்குரூ போட்டு வைக்க ஒரு கிண்ணம்.

1. கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றுங்கள்.

2. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றுங்கள். அதன் பின்னால் குதிரை லாடம் போல ஒரு கம்பி கிளிப் இருக்கும். ஒரு துணிப் பட்டையைக் கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவே விடுங்கள். இரு முனையையும் பிடித்து, முதுகு தேய்ப்பது போல இப்படியும் அப்படியும் இழுங்கள். கிளிப் வெளியே வந்துவிடும். அது துள்ளி ஓடும். கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

3. உள்கைப்பிடியைச் சுற்றியுள்ள ஸ்குரூவைக் கழற்றுங்கள். கை வைக்கும் பிடியில் உள்ள ஸ்குரூக்களையும் கழற்றுங்கள்.

4. தட்டை ஸ்குரூ டிரைவரில் துணி சுற்றி, அட்டையை அடியிலிருந்து மெல்ல நெம்புங்கள். ஒவ்வொரு கிளிப்பாக விடுபடும். ஒரே இழுப்பில் இழுத்தால் அட்டை கிழியும்.

5. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மழைத் தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். கிழிக்காமல் ஓரத்தை மட்டும் உரியுங்கள்.

6. இனிக் கையுறை போடுங்கள். கதவின் உள் தகடு கத்தி போல இருக்கும்.

7. ஒருவர் கைப்பிடியை இழுக்க, மற்றவர் டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தக் கம்பி அசையவில்லை? எந்தக் கம்பி தொங்குகிறது? பழுது அங்கேதான்.

கம்பி மட்டும் கழன்றிருந்தால் புதிய கிளிப் போட்டு மாட்டுங்கள். கட்டுக்கம்பியால் சுற்றி வைப்பது சரியல்ல. அது நழுவும். நழுவிய கம்பி வேறு பாகத்தில் சிக்கிக் கதவைத் திறக்க முடியாமல் செய்யும்.

பூட்டுப் பெட்டியே உடைந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். கதவின் ஓரத்தில் உள்ள ஸ்குரூக்கள் அதைப் பிடித்திருக்கும். அவை மிகவும் இறுக்கமாக இருக்கும். சரியான அளவு ஸ்குரூ டிரைவரை வைத்து, அழுத்திக்கொண்டே திருப்புங்கள். அளவு தப்பினால் ஸ்குரூவின் தலை மழுங்கிவிடும். கழற்றுவதற்கு முன், எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்று தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். இது மிகவும் உதவும்.

பாகம் வாங்கும்போது

டெல்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை ஆகிய இடங்கள் வண்டிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றவை. சிறிய ஊர்களிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் உண்டு. எங்கே வாங்கினாலும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வண்டியின் பெயர், அது செய்யப்பட்ட ஆண்டு, முன்கதவா பின்கதவா, இடதா வலதா. இடது கதவின் பூட்டு வலது கதவுக்குச் சேராது. பழைய பாகத்தையும் கையில் கொண்டுபோங்கள். அதில் பொறித்த எண்ணைப் படித்து, புதிய பாகத்தின் எண்ணோடு ஒப்பிடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால்தான் தவறான பாகத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்.

மூடுவதற்கு முன் நில்லுங்கள்

வேலை முடிந்தது என்று கதவைப் படாரென்று மூடாதீர்கள். கம்பி தவறாக மாட்டியிருந்தால் கதவு மீண்டும் திறக்காது. அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

கதவு திறந்தே இருக்கட்டும். ஸ்குரூ டிரைவரால் கொக்கியைத் தள்ளுங்கள். இரண்டு முறை 'டக்' என்று கேட்க வேண்டும். வெளிக்கைப்பிடியை இழுங்கள். கொக்கி துள்ளி விடுபட வேண்டும். மீண்டும் தள்ளுங்கள். இந்த முறை உள்கைப்பிடியை இழுங்கள். பிறகு சாவியால் பூட்டிப் பாருங்கள். பூட்டியபோது வெளிக்கைப்பிடி திறக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கதவை மூடுங்கள்.

வளையத்தை நகர்த்த வேண்டியிருந்தால், முதலில் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு நெல்லளவு மட்டும் நகர்த்தி, இறுக்கிப் பாருங்கள். தவறினால் பழைய கோட்டுக்கே திரும்பலாம்.

கீல் தேய்ந்த கதவு, விபத்தில் நசுங்கிய கதவு, மின்சாரப் பழுது ஆகியவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள். பூட்டாத கதவைக் கயிற்றால் கட்டி ஆட்களை ஏற்றாதீர்கள். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்.

குழந்தைகளும் பூட்டிய காரும்

நின்றிருக்கும் கார் குழந்தைகளுக்கு விளையாட்டு வீடு போலத் தெரியும். ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். திறக்கத் தெரியாது. அல்லது பழுதான பூட்டு திறக்காது. 2025 மே மாதம் ஆந்திரப் பிரதேசத்தில் விஜயநகரம் அருகே ஒரு கிராமத்தில் இப்படி 4 குழந்தைகள் இறந்தார்கள். விளையாடப் போனவர்கள் காருக்குள் சிக்கிக்கொண்டார்கள்.

வெயிலில் மூடி நிற்கும் காரில் 10 நிமிடத்தில் சூடு 10 டிகிரி வரை கூடலாம். நேரம் ஆக ஆக இன்னும் ஏறும். குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட வேகமாகச் சூடாகும். நிழலில் நிறுத்தினாலும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் ஆபத்து நீங்காது.

ஆகவே வீட்டில் நிற்கும் வண்டியை எப்போதும் பூட்டி வையுங்கள். ஓடாமல் கிடக்கும் பழைய வண்டியையும் பூட்டுங்கள். சாவியைக் குழந்தைக்கு எட்டாமல் மாட்டுங்கள். குழந்தையைக் காணவில்லை என்றால் கிணற்றையும் குளத்தையும் பார்ப்பது போல, கார்களுக்குள்ளும் உடனே பாருங்கள். கதவைத் திறக்கும் விதத்தைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஹாரனை விடாமல் அழுத்தவும் பழக்குங்கள்.

குழந்தை சிக்கியிருந்தால் சாவி தேடி நேரம் போக்காதீர்கள். குழந்தைக்குத் தள்ளியுள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில், கனமான கருவியாலோ கல்லாலோ அடியுங்கள். முன்கண்ணாடியை அடிக்காதீர்கள். அது விரிசல் விடும், எளிதில் உதிராது. 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். வாடகைக் கார்களின் பின்கதவில் குழந்தைப் பூட்டு இருக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி செய்தது. பயணம் செய்யும் பெண்கள் விரும்பியபோது இறங்க முடிய வேண்டும் என்பதே இதன் காரணம். சொந்தக் காரில் சிறு குழந்தைகளோடு போகும்போது அதே பூட்டு பாதுகாப்புத் தரும். ஓடும் வண்டியில் குழந்தை கதவைத் திறக்க முடியாது.

நினைவில் வையுங்கள்

கதவு மூடும்போது இரண்டு ஓசை கேட்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன் சோதியுங்கள். மூடுவதற்கு முன்பும் சோதியுங்கள்.

சாவித் துவாரத்துக்கு எண்ணெய் வேண்டாம், பென்சில் கரி போதும்.

நிற்கும் வண்டியைப் பூட்டுங்கள்.

கேள்விகள்

1. பின்கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை என்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

2. பூட்டை மாற்றியபின் கதவை உடனே மூடக் கூடாது. ஏன்?

3. உங்கள் தெருவில் பூட்டாமல் நிற்கும் பழைய வண்டிகள் உண்டா? அவற்றைப் பற்றி யாரிடம் பேசலாம்?