வாடகைக்கு விடும் இயந்திரங்களும் அவற்றின் பாதுகாப்பும்

மாணவர்களே, உங்கள் தோட்டத்தில் பழைய றப்பர் மரங்களைத் தறித்து மறுநடுகை செய்யும் நாட்களை நினைத்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரை சங்கிலி வாளின் சத்தம் கேட்கும். அந்த வாள்கள் யாவும் அவற்றைப் பிடித்திருப்பவருக்குச் சொந்தமானவையல்ல. நாள் வாடகைக்கு எடுத்தவையும் அவற்றுள் உண்டு. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்தில் சங்கிலி வாளும் புல் வெட்டும் இயந்திரமும், எம்பிலிப்பிட்டிய வயல்களில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும், இரத்தினபுரியைச் சுற்றிப் பெக்கோவும் இவ்வாறே கைமாறுகின்றன.

வணிகக் கல்வியும் கணக்கீடும் என்னும் பாடத்தில் ஒப்பந்தம், காப்புறுதி, கணக்குப் பதிவு என்பவற்றைத் தனித்தனி அலகுகளாகப் படிக்கிறீர்கள். ஓர் இயந்திரத்தை வாடகைக்கு விடும்போது இவை மூன்றும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. எனவே ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு இவற்றைச் சேர்த்து நோக்குவோம்.

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், தமக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு சங்கிலி வாளை வாங்கி வாடகைக்கு விடுகிறார் எனக் கொள்வோம். இவரை இப்பாடத்தில் ‘பெரியவர்’ என்று அழைப்போம். வாள் தொலைந்தால் அவருக்கு ஏற்படும் நட்டம் ஓர் இயந்திரத்தின் விலை மட்டுமன்று. மாதாமாதம் சம்பளத்தில் கழித்துச் சேர்த்த பணமும், இனி வரவேண்டிய வருமானமும் சேர்ந்தே போகும்.

உரிமையும் உடைமையும்

பெரியவர் வாளை விற்றால் அதன் உரிமை வாங்கியவருக்குச் செல்கிறது. வாடகைக்கு விட்டால் உரிமை பெரியவரிடமே இருக்கும். உடைமை, அதாவது பொருளைக் கையில் வைத்திருந்து பயன்படுத்தும் நிலை, மாத்திரம் குறித்த காலத்துக்கு மற்றவரிடம் செல்லும். இந்த வேறுபாட்டை நன்றாக மனதிற் கொள்க. வாடகைத் தொழிலில் நடக்கும் களவுகளிலும் மோசடிகளிலும் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலேதான் நடக்கின்றன. பொருள் இன்னொருவரின் கையில் இருக்கிறது. பார்ப்பவர்கள் அது அவருடையது என்றே நினைக்கிறார்கள்.

வாடகைக்கு எடுத்தவர் அந்த வாளை மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால் என்ன நடக்கும்? 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் பொது விதிப்படி, தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே பணம் கொடுத்து வாங்கியவருக்கும் உரிமை சேர்வதில்லை. ஆனால் பெரியவர் அந்த வாளைப் பார்த்து “இது என்னுடையது” என்று சொன்னால் மட்டும் போதாது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகை வாள்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தொடரிலக்கம் எழுதிய கொள்வனவுப் பற்றுச்சீட்டு அவரிடம் இருக்கவேண்டும். உழவு இயந்திரமாயின் எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், பதிவுச் சான்றிதழ் என்பன அவசியம்.

இழப்பு எந்த வகையானது?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் ‘களவு’ என்கிறோம். சட்டக்கோவையோ அவற்றைப் பிரித்தே நோக்குகிறது.

இரவில் ஒருவர் பெரியவரின் கொட்டிலை உடைத்து வாளை எடுத்துச் சென்றால் அது களவு (366 ஆம் பிரிவு). முறையாக வாடகைக்கு எடுத்த ஒருவர் பின்னர் நேர்மையற்ற எண்ணத்துடன் அதனை விற்றால் அல்லது தனதாக்கிக்கொண்டால் அது குற்றவியல் நம்பிக்கை மோசடி (388 ஆம் பிரிவு). தொடக்கத்திலேயே ஏமாற்றும் நோக்குடன் பொய்ப் பெயரும் பிறருடைய அடையாள அட்டைப் பிரதியும் கொடுத்து வாங்கிச் சென்றால் அது வஞ்சித்தல் (398 ஆம் பிரிவு). களவுப் பொருள் என்று தெரிந்துகொண்டே மலிவு விலைக்கு வாங்கும் கடைக்காரரும் தப்பமாட்டார். அது 394 ஆம் பிரிவில் அடங்கும்.

இவற்றைவிடச் சிறிய, ஆனால் அடிக்கடி நடக்கும் இன்னொரு மோசடி உண்டு. இயந்திரம் திரும்பி வரும், அதன் உறுப்புகள் மாறியிருக்கும். புதிய பற்றரி போய்ப் பழைய பற்றரி வந்திருக்கும். நல்ல டயர் தேய்ந்த டயராகியிருக்கும். சங்கிலி வாளில் புதுச் சங்கிலிக்குப் பதில் மழுங்கியது பூட்டப்பட்டிருக்கும். கொடுக்கும்போது என்ன இருந்தது என்று எழுதி வைக்காதவர் இதை ஒருபோதும் நிரூபிக்க முடியாது.

மற்றொன்றையும் கவனிக்குக. வாடகைக்கு எடுத்தவர் குறித்த நாளில் திருப்பித் தரவில்லை என்பதனால் மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். மழையால் வேலை தாமதித்திருக்கலாம். “இது குடியியல் விடயம்” என்று பொலிஸ் நிலையத்தில் சொல்லித் திருப்பி அனுப்புவதும் உண்டு. நேர்மையற்ற எண்ணத்தைக் காட்டுவதற்குத் திருப்பித் தரவேண்டிய திகதி எழுத்தில் இருக்கவேண்டும். அத்திகதி கடந்ததும் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கவேண்டும். அதற்கும் பதில் இல்லையெனில் முறைப்பாட்டுக்கு வலு உண்டு.

எழுத்தின் பயன்

“தெரிந்த பிள்ளைதானே, கடதாசி எதற்கு?” என்று பெரியவர் கேட்பார். தோட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன், மச்சான் முறை. ஆயினும் சட்டம் எழுத்துக்குக் கூடுதலான காலம் தருகிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பொதுவாக எழுத்திலான உடன்படிக்கை பற்றி 6 ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். வாய்மொழி உடன்படிக்கை பற்றி 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். தகராறு சிறியதாயின் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லும் (1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம்). அங்கும் ஒரு துண்டுக் கடதாசி இருப்பவரின் பேச்சே எடுபடும்.

அந்த எழுத்து நீண்ட ஒப்பந்தமாக இருக்கவேண்டியதில்லை. அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கம் போதும். இரு தரப்பாரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், இயந்திரத்தின் வகையும் தொடரிலக்கமும், அதனுடன் கொடுத்த உறுப்புகள், எரிபொருளின் அளவு, கொடுத்த திகதி, திருப்பித் தரும் திகதி, வாடகையும் வைப்புப் பணமும், எந்த வேலைக்கு, எந்த இடத்தில் பயன்படுத்தப் போகிறார் என்பது, பிறருக்கு மறுவாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை, இருவரின் கையொப்பம். அடையாள அட்டையின் பிரதியை மட்டும் பார்க்காமல் மூலத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கைத்தொலைபேசியில் இயந்திரத்தை நாற்புறமும் படம் எடுத்துக்கொள்வது இப்போது செலவில்லாத சாட்சி.

உழவு இயந்திரமாயின் சாரதி அனுமதிப் பத்திரத்தின் வகுப்பையும் பார்க்க வேண்டும். இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு ஜி1, நான்கு சக்கர உழவு இயந்திரத்துக்கு ஜி, பெக்கோ போன்ற விசேட இயந்திரங்களுக்கு ஜே வகுப்பு வேண்டும். பொருத்தமான வகுப்பு இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம்.

‘எந்த வேலைக்கு, எந்த இடத்தில்’ என்று ஏன் எழுத வேண்டும்?

இதுவே நமது மாகாணத்து இயந்திர உரிமையாளர் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி. சப்ரகமுவவில் தேயிலையும் றப்பரும் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. சிவனொளிபாதமலை வனப்பகுதியும் சிங்கராஜ வனமும் இரத்தினபுரி மாவட்டத்தைத் தொட்டு நிற்கின்றன. பகலில் தோட்டத்து மரம் அறுத்த அதே வாள் இரவில் காட்டு மரத்தையும் அறுக்கும்.

வன (தற்போது வனப் பேணல்) கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டமாகும். அதன் 40 ஆம் பிரிவின்படி வனக் குற்றத்துக்கு ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டால், குற்றத்துக்குப் பயன்பட்ட கருவிகள், வாகனங்கள், இயந்திரங்கள் என்பவற்றையும் நீதவான் பறிமுதல் செய்வார். வாள் பெரியவருடையது, மரம் அறுத்தவர் வேறொருவர். ஆயினும் பறிபோவது பெரியவரின் வாள். கள்வன் எடுத்தால் என்றாவது கிடைக்கும் என்று நம்பலாம். நீதிமன்றக் கட்டளையால் போனது அரசுடைமை.

இதில் உரிமையாளருக்குப் பாதுகாப்பே இல்லையா? 1987 இல் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு லொறி வழக்கு வந்தது. அனுமதியின்றி மரம் ஏற்றிய சாரதி முதலியோர் குற்றத்தை ஒப்புக்கொண்டதனால் லொறி பறிமுதலானது. உரிமையாளர் அந்த வழக்கில் எதிரியல்லர். உரிமையாளரின் கூற்றைக் கேளாமல் அவரது வாகனத்தைப் பறிக்க முடியாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 ஆம் ஆண்டின் 65 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னர் 40 ஆம் பிரிவு இதனைத் தெளிவாகச் சொல்கிறது: உரிமையாளர் மூன்றாம் ஆளாயின், இயந்திரம் இவ்வாறு பயன்படுவதைத் தடுக்கத் தாம் எல்லா முற்காப்பு நடவடிக்கைகளையும் எடுத்ததாக நீதிமன்றம் திருப்தியுறும் வகையில் நிரூபித்தால் பறிமுதல் செய்யப்படாது.

நிரூபிக்க வேண்டியவர் யார்? உரிமையாளர். இங்கேதான் பலர் தோற்றுப்போகின்றனர். “காட்டுப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்” என்பது மட்டும் போதாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியுள்ளது. வேலையும் இடமும் எழுதிய ஒப்படைப்புச் சீட்டு, வெட்டப்போகும் மரத்துக்கான அனுமதிப் பத்திரத்தின் பிரதி, இடையில் ஒருநாள் போய்ப் பார்த்த குறிப்பு என்பனவே அங்கு பேசும். உதாரணமாக, பலா மரம் வெட்ட 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். வாளைக் கொடுக்குமுன் அதைக் கேட்டுப் பார்ப்பது வாள் உரிமையாளரின் வேலையுமாகும். 2019 இல் சங்கிலி வாள்களைப் பொலிஸ் நிலையங்களிற் பதிவு செய்யுமாறு அரசாங்கம் அறிவித்ததும் சட்டவிரோத மரவெட்டலைக் கட்டுப்படுத்தவே. பதிவு செய்த வாளின் இலக்கம் உரிமையாளரை நேரே காட்டிக்கொடுக்கும். களவுபோன வாளை மீட்கவும் அதே இலக்கம் உதவும்.

பெக்கோ உரிமையாளருக்கும் இதேபோன்ற இடர் உண்டு. இரத்தினக்கல் அகழ்வில் அதனை இறக்குவதற்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதி தேவை. அனுமதியில்லாத குழியில் அகப்பட்டால் இயந்திரம் வழக்குப் பொருளாகிவிடும்.

இயக்குநருடன் விடுதல்

பெரிய இயந்திரங்களைப் பொதுவாக உரிமையாளரின் ஆளே ஓட்டிச் சென்று வேலை செய்து கொடுப்பார். தமிழ்நாட்டில் அரசாங்கத்தின் வேளாண்மைப் பொறியியல் துறையும் உழவு இயந்திரம், புல்டோசர் போன்றவற்றை விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. ‘இ-வாடகை’ என்னும் செயலி வழியாக முன்பதிவு செய்து முன்பணம் செலுத்தலாம். இயக்குநர் உடன் இருப்பின் உடைமை முற்றாகக் கைமாறுவதில்லை. ஆகவே இயந்திரம் காணாமற் போகும் ஆபத்து குறையும். ஆனால் மோசடி வேறு வடிவம் எடுக்கும். டீசலை உறிஞ்சி விற்றல், மணிமானியின் இணைப்பைக் கழற்றிவிட்டு இரண்டு மணித்தியாலம் தனியாக உழைத்துக்கொள்ளல் என்பன சில. எரிபொருள் அளவையும் மணிமானி வாசிப்பையும் காலையும் மாலையும் ஒரே கொப்பியில் எழுதி ஒப்பிட்டால் இது விரைவில் வெளிப்படும்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: ஒரே வகையைச் சேர்ந்த பல உழவு இயந்திரங்களும் பெக்கோக்களும் ஒரே மாதிரிச் சாவியால் இயங்குவன. சாவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பது பாதுகாப்பன்று. மறைவான எரிபொருள் அடைப்பு, பற்றரித் துண்டிப்பு ஆளி, சங்கிலிப் பூட்டு, வசதியுள்ளவர்க்கு ஜிபிஎஸ் கருவி என்பன உதவும். ஐக்கிய இராச்சியத்தில் 2007 முதல் ‘சீசர்’ என்னும் திட்டத்தின் கீழ் இயந்திரங்களில் வெளியே தெரியும் இலக்கத் தகடும் கண்ணுக்குத் தெரியாத மறை அடையாளங்களும் இடப்படுகின்றன. நமது கராஜில் உள்ளே ஒரு மறைவிடத்தில் இலக்கம் பொறித்துக்கொள்வதும் இதே தத்துவம்தான்.

காப்புறுதி

முழு நம்பிக்கைத் தத்துவத்தை நினைவு கூருக. இயந்திரத்தை வாடகைக்கு விடுவதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு மறைத்தால் இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். மூன்றாந் தரப்புக் காப்புறுதி களவுக்கு இழப்பீடு தராது. களவுக்குக் காப்பீடு உள்ள ஒப்பந்தத்திலும், வாடகைக்கு எடுத்தவரே மோசடி செய்தால் அது விலக்கப்பட்டிருக்கலாம். குத்தகை நிறுவனத்தின் பணத்தில் வாங்கிய இயந்திரமாயின், பிறருக்கு விடுமுன் அந்நிறுவனத்தின் சம்மதமும் தேவை.

மாதிரி வினா

பெரியவர் தமது வாளை நாளொன்றுக்கு ரூ. 3,000 வீதம் 4 நாட்களுக்கு வாடகைக்கு விட்டு, மீளளிக்கும் வைப்பாக ரூ. 20,000 உம் சேர்த்து முற்பணமாக ரூ. 32,000 பெற்றார். வாள் திரும்பி வந்தபோது வாடகைக்கு எடுத்தவரால் சங்கிலி மாற்றப்பட்டிருந்தது. புதிய சங்கிலிக்கும் திருத்தத்துக்கும் பெரியவர் காசாக ரூ. 4,500 செலவிட்டு, அதனை வைப்பிலிருந்து கழித்து மீதியைக் கொடுத்தார். பதிவுகள் யாவை?

மாணவர் பலர் ரூ. 32,000 முழுவதையும் வருமானமாகக் காட்டிவிடுகின்றனர். வைப்பு வருமானமன்று, திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பாகும். பெற்றபோது காசுக் கணக்கு வரவு ரூ. 32,000, வாடகை வருமானக் கணக்கு செலவு ரூ. 12,000, மீளளிக்கவேண்டிய வைப்புக் கணக்கு செலவு ரூ. 20,000. திருத்தியபோது திருத்தச் செலவுக் கணக்கு வரவு ரூ. 4,500, காசுக் கணக்கு செலவு ரூ. 4,500. தீர்க்கும்போது வைப்புக் கணக்கு வரவு ரூ. 20,000, காசுக் கணக்கு செலவு ரூ. 15,500, திருத்தச் செலவுக் கணக்கு செலவு ரூ. 4,500. ஒப்படைப்புச் சீட்டில் ‘புதிய சங்கிலி’ என்று எழுதப்பட்டிராவிடின் அந்தக் கடைசி ரூ. 4,500 ஐப் பெரியவர் கழித்திருக்க முடியாது.