உஷார்! நம்மூர் வெயிலை நம்பி மலையேறாதீர்கள்

ஜூலை மாதம் வடகரப்பதியில் நின்று பார்த்தால் தெற்கே நெல்லியாம்பதி மலை மேல் கருமேகம் குவிந்து கிடக்கும். இங்கே தூறலோடு சரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் ஓயாமல் வீசும். கொழிஞ்சாம்பாறை, ஒழலப்பதி, வேலந்தாவளம் எல்லாமே இப்படித்தான்; போர்வெல் தண்ணீருக்கே அல்லாடும் பூமி. அதனாலேயே மழைக்காலம் என்றால் நமக்குப் பயம் விட்டுப்போய்விடுகிறது. சீசன் இல்லை, ரூம் பாதி வாடகை, கூட்டம் கிடையாது என்று கணக்குப் போட்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு நெல்லியாம்பதிக்கோ மூணாறுக்கோ வண்டியைக் கிளப்பிவிடுகிறோம். தயவுசெய்து நிறுத்தி யோசியுங்கள். உங்களை அடித்துக்கொண்டு போகும் தண்ணீர் உங்கள் தலைமேல் பெய்த மழையாக இருக்காது.

மலைவரைக்கும் போக வேண்டாம், நம் சித்தூர்ப் புழையையே பாருங்கள். 2024 ஜூலை 16 அன்று நறணி அருகே ஆற்றில் இறங்கிய மைசூரைச் சேர்ந்த நாலு பேர், முதியவர் உட்பட, நடு ஆற்றில் பாறைமேல் சிக்கிக்கொண்டார்கள். மழைத் தண்ணீரோடு மூலத்தறை ரெகுலேட்டரில் திறந்த தண்ணீரும் சேர்ந்து, சுற்றிலும் வெள்ளம். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றவர்களைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி இறங்கித்தான் மீட்டார்கள். நாலு பேரும் பிழைத்தார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. அதே ஆண்டு மே 17 அன்று குற்றாலம் பழைய அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போனது. அதற்கு முந்தைய அக்டோபரில், கோவையில் படித்த மாணவர்கள் ஐந்து பேர் வால்பாறை சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் குளிக்க இறங்கி, ஐவருமே பிணமாகத்தான் வந்தார்கள். நீச்சல் தெரியும் என்பதெல்லாம் பாறை ஆற்றில் செல்லாது.

ஆறு பொங்குமுன் அடையாளம் காட்டுவதும் உண்டு. தெளிவாக ஓடிய தண்ணீர் லேசாகக் கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கும். மேலே எங்கோ லாரி வருவதுபோல் ஓர் இரைச்சல். அதைக் கண்டபின் துணியை எடுக்கிறேன், செருப்பை எடுக்கிறேன் என்று நிற்காதீர்கள், கரையேறுங்கள். அடையாளமே காட்டாமல் வருவதும் உண்டு என்பதால், மேல்மலையில் மழை என்று தெரிந்தால் ஆற்றில் கால் வைக்கவே வேண்டாம்.

மூணாறுப் பாதை இன்னும் ஏமாற்றும். உடுமலை தாண்டிச் சின்னாறு வரைக்கும் முள்காடும் வறண்ட காற்றும்தான். மறையூரிலும் பெரிதாக மழை இருக்காது. அதற்குமேல் ஏற ஏறத்தான் வேறு உலகம். அந்த வழியில்தான் பெரியவரைப் பாலம் இருக்கிறது. 2018 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தொழிலாளர்கள் குடியிருந்த நாலு லயங்களை (வரிசை வீடுகளை) மூடியபோது, பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலமும் பழுதாகி, மீட்பு வண்டிகள் போய்ச்சேர முடியாமல் திணறின. கரண்ட் இல்லை, போன் இல்லை. விடிந்த பிறகுதான் சேதியே வெளியே வந்தது. 70 உயிர்கள். பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம், தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் காட்டில் உழைத்த நம் தமிழ்ச் சனம். அந்த மலையின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்தவர்களுக்கே தப்ப வழியில்லை என்றால், சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற நமக்கு என்ன தெரியும்?

நெல்லியாம்பதி கிட்டத்தில்தானே என்கிறீர்களா? 2018 ஆகஸ்ட் 16 அன்று, மலை அடிவாரத்து நெம்மாறை அருகே நிலச்சரிவில் 10 பேர் இறந்தார்கள். போத்துண்டியிலிருந்து ஏறும் ரோடு பல இடங்களில் பெயர்ந்துபோய், மேலே இருந்தவர்கள் நாள் கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தார்கள்.

ரூம் பிடிக்கும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். கட்டடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது, செங்குத்தாக வெட்டிய மண் திட்டா, ஓடையா என்று கேளுங்கள். ஓடைச் சத்தத்தோடு தூங்கலாம் என்று விளம்பரம் செய்கிற இடம் மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையை அழித்த வெள்ளம் ஆற்றோரமாகத்தான் பாய்ந்தது, சனங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

கிளம்புகிற அன்று காலை வானிலைத் துறை அறிவிப்பைப் பாருங்கள், போகிற மாவட்டத்துக்கும் வழியில் உள்ள மாவட்டத்துக்கும் சேர்த்து. 24 மணி நேரத்தில் 11.5 செ.மீ-க்கு மேல் மழை என்றால் ஆரஞ்சு எச்சரிக்கை, 20.4 செ.மீ-க்கு மேல் என்றால் சிவப்பு. என்னைக் கேட்டால் ஆரஞ்சுக்கே பயணத்தை நிறுத்திவிட வேண்டும். சிவப்புக்குக் காத்திருப்பது மடத்தனம். கலெக்டர் இரவுப் பயணத்துக்குத் தடை போட்டிருந்தால் செக்போஸ்ட்டில் கெஞ்சாதீர்கள். ராத்திரியில் போன் காட்டும் குறுக்கு வழியையும் நம்பாதீர்கள். 2023 அக்டோபரில் எர்ணாகுளம் கோதுருத்தில் மழை இரவில் வழி தப்பிய கார் ஆற்றில் பாய்ந்து இளம் டாக்டர்கள் இருவர் இறந்தார்கள். வெள்ளத் தண்ணீரில் நடந்துவிட்டு வந்து காய்ச்சல் கண்டால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; தண்ணீரில் நின்றதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாவட்ட அவசர எண் 1077. வெளியூரிலிருந்து அழைத்தால் பாலக்காட்டுக்கு முன்னால் 0491, இடுக்கிக்கு 04862 சேர்க்க வேண்டும். இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். கட்டிய அட்வான்ஸ் திரும்பாது என்று விடுதியில் சொன்னால் போகட்டும், தேதியையாவது மாற்றிக் கேளுங்கள். அந்தப் பணத்துக்காக மட்டும் மலையேறாதீர்கள்.