மலையேறும் பழைய கார்: குறைந்த செலவில் திறன் பெறும் வழிகள்

நாகலூர் போன்ற சேர்வராயன் மலையூர்களில் வாழும் சிறு விவசாயிக்குப் பழைய கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. மிளகு மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், நோயாளியைச் சேலத்திற்கு அழைத்துச் செல்வதும் அதுவே. ஆகவே வண்டி ஏற்றத்தில் இழுக்கத் தவறினால் குடும்பத்தின் வரவு செலவே பாதிக்கப்படுகிறது.

இவ்வகை வண்டிகளில் மாருதி 800 யாவரும் அறிந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த இதன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய சிறிய எஞ்சின் இதனுடையது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் எஞ்சினின் திறனும் அதற்கேற்பக் குறையும். இவ்விழப்பு இயற்கையானது. இதனுடன் நமது கவனக்குறைவால் நேரும் இழப்பும் சேர்வதைத் தடுப்பதே நாம் செய்யக்கூடியது.

முதலாவது, ஏர் பில்டர். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் சுமார் பதினைந்து பங்கு காற்று வேண்டும். பில்டரில் தூசி அடைத்தால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும். புதிய பில்டரின் விலை, வீணாகும் பெட்ரோலின் விலையை நோக்கச் சொற்பமே.

இரண்டாவது, ஸ்பார்க் பிளக். அதன் முனையில் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்றும், எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் தேய்மானம் என்றும் ஐயுறலாம். முனை இடைவெளியைக் கையேட்டில் கண்டபடி அமைத்தல் வேண்டும். கார்புரேட்டரின் ஐட்லிங் அமைப்பை, வண்டி பெரும்பாலும் ஓடும் மலையிலேயே தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு திருத்துதல் நன்று.

மூன்றாவது, சக்கரங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். சமதரையில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருப்பின், அதன் பிரேக் விடாது உரசுகிறது என்று கொள்ளலாம். அவ்வுரசல் எஞ்சினின் உழைப்பை விழுங்கிவிடும். ஏற்றத்தில் எஞ்சினின் ஓசை உயர்ந்தும் வேகம் உயராதிருந்தால், குறை கிளட்சில் இருக்கக்கூடும்.

நான்காவது, சுமை. வேலையில்லாத நாளிலும் கூரைமேல் கேரியரை வைத்துத் திரிவது வீண். இதைக் கழற்றச் செலவு ஏதுமில்லை.

தறியில் நான்கு இழை அறுந்தால் அவ்விழைகளை முடிகிறோமேயன்றிப் புதுத் தறி வாங்குவதில்லை. அவ்வாறே, எந்தக் குறை என்று கண்டறியுமுன் விலையுயர்ந்த உபகரணங்களைப் பொருத்துதல் ஆகாது. டாங்கியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மீண்டும் நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு திருத்தத்தின் பயனும் கணக்கில் தெரியும்.

சிக்கனத்தின் பெயரால் செய்யத்தகாத செயல் ஒன்றுண்டு. சேலம் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தியோ நியூட்ரலிலோ வண்டியை உருளவிட்டால் பளு முழுவதும் பிரேக்கின்மேல் விழும். அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குதல் வேண்டும். பெட்ரோலில் மிச்சமாகும் பணத்தை அங்கத்தினர்கள் முதற்கண் பிரேக்கைச் செப்பனிடவே செலவிடுவார்களாக.