வலி சொல்லும் சேதி: எண்டோமெட்ரியோசிஸ் நோயை இரத்தத்தில் கண்டறிய முடியுமா?

"மாதவிலக்கு என்றால் வலி இருக்கத்தான் செய்யும். நாங்களெல்லாம் பொறுத்துக்கொள்ளவில்லையா?" இதைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம்மிடையே குறைவு. பாட்டி அம்மாவிடம் சொன்னார், அம்மா மகளிடம் சொல்கிறார். சொல்பவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு பேச்சு, சில பெண்களின் நோயைப் பல ஆண்டுகள் மறைத்துவிடுகிறது. அந்த நோயைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

நோய் என்ன?

கருப்பையின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது மாதந்தோறும் தடிக்கும். கரு தங்காவிட்டால் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறும். அதே போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் வயிற்றின் உட்சுவரிலும், சில வேளைகளில் குடல் மீதும் சிறுநீர்ப்பை மீதும் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதச் சுழற்சியின் ஹார்மோன்களுக்கு அந்தத் திசுவும் கட்டுப்படுகிறது. இரத்தம் கசிந்தாலும் அது வெளியேற வழியில்லை. அதனால் அழற்சி உண்டாகிறது, தழும்பு ஏற்படுகிறது, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கடும் வலி, மலம் கழிக்கும்போது வலி, தாம்பத்திய உறவில் வலி, குழந்தைப்பேற்றில் தடை ஆகியவை இதன் அறிகுறிகள்.

கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினருக்கு, அதாவது உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரியும்வரை பல நாடுகளில் 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன. 14 வயதில் வலியோடு பள்ளிக்குப் போன பெண், 24 வயதில்தான் தன் நோயின் பெயரைக் கேள்விப்படுகிறாள்.

ஏன் இவ்வளவு தாமதம்?

வயிற்றில் சிறு துளையிட்டு, கேமரா வழியாகப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சையே நெடுங்காலம் உறுதியான சோதனையாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டிய அதைப் பள்ளி மாணவிக்குச் செய்யச் சொல்ல எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. ஸ்கேனில் சினைப்பைக் கட்டிகள் தெரியும், ஆழமாக வளர்ந்த திசுவும் தெரியும். ஆனால் மேலோட்டமான சிறு புள்ளிகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவேதான் 'ஒரு குழாய் இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாதா' என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

சி.ஏ.125 என்ற புரதம் இந்நோயில் உயரும். 2016ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 30 அலகும் அதற்கு மேலும் இருந்தால் நோய் என்று வைத்துக் கணக்கிட்டது. நோயுள்ள 100 பெண்களில் 52 பேரைத்தான் அது காட்டிக்கொடுத்தது. மீதி 48 பேரிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றல்லவா சொல்லியிருக்கும்? அதோடு கருப்பைக் கட்டி, கர்ப்பம், சினைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றிலும் இப்புரதம் உயரக்கூடும்.

வளர்சிதை மாற்றத்தின் தடயங்கள்

அடுப்பில் விறகு நன்றாக எரிந்தால் புகை குறைவு, சரியாக எரியாவிட்டால் புகை மண்டும். கூரைக்கு மேல் எழும் புகையைப் பார்த்தே உள்ளே அடுப்பு எப்படி எரிகிறது என்று சொல்லிவிடலாம். நம் உயிரணுக்களும் குளுக்கோஸை எரித்தே சக்தி பெறுகின்றன. பிராணவாயு இருந்தும் சில உயிரணுக்கள் அதை முழுமையாக எரிக்காமல் லாக்டேட் என்ற பொருளாக வெளியே தள்ளுகின்றன. புற்றுநோய் அணுக்களில் இதை முதலில் விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க். எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோய் அல்ல. ஆனாலும் இந்நோயுள்ள பெண்களின் வயிற்றறை நீரில் லாக்டேட் கூடுதலாக இருப்பதை எடின்பரோ ஆய்வாளர்கள் 2014ல் காட்டினார்கள்.

இந்தியாவிலும் இத்தேடல் நடந்தது. கரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த குழு 2012ல் வெளியிட்ட ஆய்வில், நோயுள்ள பெண்களின் இரத்தத்தில் லாக்டேட்டும் சில அமினோ அமிலங்களும் கூடியிருந்தன, குளுக்கோஸ் குறைந்திருந்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஆய்வு ஒன்று சில கொழுப்புப் பொருள்களின் அளவு மாறுவதைக் கண்டது. ஒரே பொருளை நம்பாமல் பல பொருள்களின் மொத்தக் கோலத்தைப் பார்ப்பதே இம்முறையின் பலம்.

அப்படியானால் ஏன் இன்னும் மருந்தகத்துக்கு வரவில்லை? வேகமாகப் படியேறினாலே லாக்டேட் உயரும். சாப்பாடு, மாதச் சுழற்சியின் நாள், உட்கொள்ளும் மாத்திரை எல்லாமே முடிவை மாற்றும். ஆய்வுகள் பலவும் சிறியவை. நோயாளிகளை முழு நலமுள்ள பெண்களோடு ஒப்பிடுவது எளிது. ஆனால் மருத்துவர் முன் வந்து அமர்பவர் வலியோடு வருபவர். அவருடைய வலி இந்நோயாலா, வேறு காரணத்தாலா என்று பிரித்துச் சொல்வதுதான் சோதனைக்கே சோதனை. 2016ல் கோக்ரேன் அமைப்பு 141 ஆய்வுகளையும் 122 இரத்தக் குறியீடுகளையும் அலசியது. அறுவைச் சிகிச்சைக்கு ஈடாக ஒன்றைக்கூட அது பரிந்துரைக்கவில்லை. குறியீடுகளை வைத்து நோயைத் தீர்மானிக்க வேண்டாம் என்றே 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி நெறியும் சொல்கிறது. பிரான்சில் உமிழ்நீர்ச் சோதனையும் ஆஸ்திரேலியாவில் புரதங்களை அளக்கும் இரத்தச் சோதனையும் உருவாகியுள்ளன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எந்தச் சோதனைக்கும் பணம் கட்டுமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

அதுவரை என்ன செய்வது?

சோதனை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அதே 2022 வழிகாட்டி நெறி, லேப்ராஸ்கோப்பி எல்லாருக்கும் கட்டாயம் என்ற பழைய நிலையை மாற்றிவிட்டது. அறிகுறிகளைக் கேட்டு, ஸ்கேன் பார்த்து, வலி மாத்திரையோ ஹார்மோன் சிகிச்சையோ தொடங்க மருத்துவர்களால் இயலும். நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் வலியைக் கட்டுப்படுத்த வழியுண்டு.

மகளுக்கு ஒரு சிறிய குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். எந்த நாளில் வலி, எத்தனை மாத்திரை, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, எத்தனை நாள் வேலைக்கு எம்.சி. எடுக்க நேர்ந்தது என்று மூன்று மாதம் எழுதச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போங்கள். "வலிக்கிறது" என்ற ஒரு சொல்லைவிட அந்தக் குறிப்பேடு அதிகம் பேசும்.

இன்னொன்று. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், பிள்ளை பெற்றால் போய்விடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நோயைக் குணப்படுத்துவதற்காகவே கர்ப்பம் தரிக்கச் சொல்லக்கூடாது என்று அந்த வழிகாட்டி நெறியே கூறுகிறது.

ஆய்வுக்கூடங்கள் தேடும் குறியீடு ஒருநாள் கிடைக்கும். இன்று நம் வீட்டில் இருக்கும் முதல் குறியீடு, மாதந்தோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் அந்தப் பிள்ளைதான். அவள் சொல்வதை நம்புங்கள்.