உங்களுக்குத் தெரியுமா? இருமலை எண்ணும் ஸ்டிக்கர்!

தபால்தலை அளவு ஸ்டிக்கர். ஒட்டுவது தொண்டைக்குழியில். எத்தனை முறை இருமினீர்கள், மூச்சு எப்படி ஓடுகிறது, இதயம் எப்படித் துடிக்கிறது, காய்ச்சல் ஏறுகிறதா... ராப்பகலாகக் கணக்கெடுத்துவிடும்! 2020-ல் கொரோனா நோயாளிகளுக்காகவே அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் சிகாகோவின் ஷெர்லி ரயான் எபிலிட்டிலேப் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது!

இன்னும் கேளுங்கள். இருமலை எண்ணும் அந்த ஸ்டிக்கரில் மைக்கே கிடையாது! தோல் அதிர்வதை வைத்தே இருமலைப் பிடித்துவிடும். பக்கத்துக் கட்டில்காரர் எவ்வளவு இருமினாலும் குழம்பாது!

வயர் இல்லை. சார்ஜர் செருக ஓட்டையும் இல்லை. அதனால் கிருமி ஒளிய இடமே இல்லை!

உடம்பில் ஒட்டிக் கண்காணித்தது அவர்கள் மட்டுமல்ல. 2020 மார்ச். ஆக்ஸ்ஃபோர்டு ஜான் ராட்க்ளிஃப் மருத்துவமனையின் தனிமை வார்டு. நோயாளியின் மார்பில் ஒரு பட்டை, விரலில் ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஓர் ஆக்சிமீட்டர். கவச உடை மாட்டி உள்ளே போகாமலே, வெளியே இருந்த திரையில் நாடியையும் மூச்சையும் பார்த்தார்கள் நர்ஸுகள்!

மூச்சை ஏன் எண்ண வேண்டும்? பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. அது 25-ஐத் தொட்டால்? பிரிட்டன் மருத்துவமனைகளின் அபாயக் கணக்கில் 3 மார்க்! ஓர் அளவீட்டுக்கு உச்சபட்சமே அந்த 3-தான்!

விரலில் மாட்டிய அந்த ஆக்சிமீட்டர் பிறந்த கதையோ அபாரம்! ஜப்பானின் நிஹோன் கோடன் கம்பெனி எஞ்சினியர் டகுவோ அவோயாகி தேடியது வேறு எதையோ. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று காதில் ஒளி பாய்ச்சி அளந்துகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே புகுந்து அளவீட்டின் வரைகோட்டைக் குலைத்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் போனவருக்கு, துடிப்புக்குள்ளேயே ஆக்சிஜன் அளவு ஒளிந்திருப்பது தட்டுப்பட்டது! 1974-ல் உலகுக்குச் சொன்னார். ஊர் ஊராக ஜனங்கள் அவருடைய கருவியைத் தேடி அலைந்த அதே 2020-ல், ஏப்ரல் மாதம் காலமானார். வயது 84.

நம்ம சென்னை மட்டும் என்ன குறைச்சல்? ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஹெலிக்ஸான் நிறுவனமும் 2020-லேயே இந்தக் களத்தில் இறங்கியது. விரலில் மாட்ட ஒரே கருவி. காய்ச்சல், ஆக்சிஜன், நாடி, மூச்சு நாலும் அதிலேயே!

ஆனால், இதே ஆக்சிமீட்டர் தோலின் நிறத்தில் ஏமாந்துபோகிறது! ஆக்சிஜன் 92 முதல் 96 சதவீதம் என்று கருவி தைரியம் சொல்லும். ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் 88-க்கும் கீழே! மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் 2020 டிசம்பரில் போட்டு உடைத்த கணக்கு இது. வெள்ளையர்களிடம் எடுத்த அளவீடுகளில் இந்தத் தப்பு 3.6 சதவீதம். கறுப்பினத்தவரிடம்? 11.7 சதவீதம்!